கால அட்டவணைப் பணியில் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாளிலேயே 23 பிரிவுகளின் கதவுகளிலும் முழுமையான கால அட்டவணை ஒட்டப்பட்டிருந்தது. தற்காலிக அட்டவணையை வைத்துக்கொண்டு இரண்டு வாரங்கள் ஓட்டும் நிலை இவ்வாண்டு நமக்கு வரவில்லை. இதற்காகப் பலரும் என்னைப் பாராட்டினீர்கள். அப்பாராட்டில் பெரும்பங்கு யார் யாருக்கு உரியது என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

பிரிவுக்கு வாரம் 40 வீதம் 920 பாடவேளைகளைச் சார்ட்டில் பென்சிலால் எழுதி அழித்துக்கொண்டிருந்த எனக்கு, கால அட்டவணை அமைக்கும் 'எஃப்.இ.டி' (FET) என்னும் கட்டற்ற மென்பொருளை அறிமுகப்படுத்தியவர் சிறுசேரியில் பணியாற்றும் நம் முன்னாள் மாணவர். இரண்டு சனிக்கிழமைகள் அங்கிருந்து பெரம்பூர் வரை வந்து, மாலைவரை உடனிருந்து கற்றுக்கொடுத்தார். ருமேனியாவைச் சேர்ந்த லிவியு லலெஸ்கு 2002-இல் தொடங்கிய இம்மென்பொருளை எந்தப் பள்ளியும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். முகமறியாத அவருக்கும் என் நன்றி. இடம் கிடைக்க மிகக் கடினமான பாடத்தை முதலில் அமர்த்தி, அடுத்ததற்கு இடமில்லையெனில் முன்பு அமர்ந்ததை எழுப்பி வேறிடம் தேடும் அதன் முறை, நாம் பென்சிலும் ரப்பருமாகச் செய்துவந்த வேலையேதான். அட்டவணைச் சிக்கல் கணினிக்கும் மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது என்பதை ஈவன், இட்டாய், ஷமீர் ஆகிய கணினி அறிவியலாளர் மூவர் 1976-இலேயே நிறுவியதை அம்மாணவர் சொல்லக் கேட்டபோது, இப்பணியை ஆண்டுதோறும் கையாலேயே முடித்து ஓய்வுபெற்ற நம் மூத்த ஆசிரியர்கள்மீது என் மதிப்பு மேலும் கூடியது.

மென்பொருளுக்கு எல்லாவற்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். ஒரே பாடம் ஒரே நாளில் இருமுறை வராமல் வாரம் முழுவதும் பரவ வேண்டும் என்பதற்கு 95 விழுக்காடு கட்டாயம் என்று தரலாம். தேவைப்பட்டால் அது சற்று வளைந்துகொடுக்கும். 100 என்று கொடுத்துவிட்டால் வளையாது. தமக்கு எது 100, எது 95 என்று ஒளிவுமறைவின்றிச் சொன்ன ஆசிரியர்கள் அனைவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். கைக்குழந்தையை விட்டுவிட்டுத் திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் வரும் ஆசிரியைக்கு முதல் பாடவேளை வேண்டாம் என்று, அவர் கேட்பதற்கு முன்பே தமிழாசிரியர்கள் இருவர் எழுதிக்கொடுத்தார்கள். அக்காலை வேளைகளைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் அட்டவணை நிறைவடையவில்லை. ஒவ்வொரு முறையும் முடியும் தறுவாயில் நின்றுவிடும். இடம் கிடைக்காதவற்றின் பட்டியலில் இயற்பியல் செய்முறையே முதலில் நிற்கும். ஆய்வக உதவியாளருக்குக் காலையில் அலுவலகப் பணி இருப்பதால், செய்முறை வகுப்புகள் உணவு இடைவேளைக்குப் பின் மட்டுமே என்று 100 விழுக்காடு கொடுத்திருந்தேன். மேல்நிலை அறிவியல் பிரிவுகள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு செய்முறை, அதாவது தொடர்ந்து இரண்டு பாடவேளை. தேவை 12, பிற்பகலில் இருப்பவை 15. கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. ஆய்வக உதவியாளர் சாவியைக் கொடுக்க வந்தவர், திரையைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், மத்தியானம் மூணு பீரியட்ல ஒரு லேப் போக ஒண்ணு தொங்கிடுதே. அப்போ வாரத்துக்கு அஞ்சு லேப்தான். நமக்கு ஆறு வேணுமே?" என்றார். கணித ஆசிரியையாகிய நான் நான்கு நாட்களாகக் காணாததை அவர் நின்றபடியே கண்டார். அவருக்கு என் தனிப்பட்ட நன்றி. மறுநாளே தலைமையாசிரியை அம்மா, புதன்கிழமைக் காலையில் அவரை அலுவலகப் பணியிலிருந்து விடுவித்தார்கள். அந்த ஒரு மாற்றத்தைப் பதிவுசெய்து மீண்டும் இயக்கியபோது, தேநீர் குடித்து முடிப்பதற்குள் அட்டவணை முழுவதும் நிறைந்திருந்தது.

விளையாட்டு வேளைகளைப் பிற பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளாமல் காத்துத் தந்தமைக்கு உடற்கல்வி ஆசிரியர் எனக்கு நன்றி சொன்னார். அதை விட்டுக்கொடுக்காமல் கேட்டுப் பெற்றவர் அவரே; மாணவர்கள் சார்பில் நான்தான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பிரிவுவாரியாகவும் ஆசிரியர்வாரியாகவும் அச்செடுத்து, மாடி மாடியாக ஏறி ஒட்டிய அலுவலக உதவியாளர் அக்காவுக்கும் நன்றி.

கோப்பு அலுவலகக் கணினியில் இருக்கிறது. இப்பொறுப்பை அடுத்து ஏற்பவருக்கு, எந்த மாலையிலும் உடனமர்ந்து சொல்லித்தர அணியமாக இருக்கிறேன்.

நன்றியுடன்,
கால அட்டவணைப் பொறுப்பாசிரியை,
பெரம்பூர், சென்னை.