பதினோராம் பாரத்துக்கு ஒரு நன்றி

அன்பு நண்பர்களுக்கு,

நான் பிழை பார்த்த நம் விநோதக் கதைத் தொகுப்பு புத்தகமாக வந்துவிட்டது. நேற்று மாலை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில், நம் அரங்கின் மேசை மீது, பசை வாசனை போகாத நூறு பிரதிகள் இருந்தன. கடந்த இரண்டு வாரம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அதில் தூக்கத்தைத் தொலைத்தவர்கள். அதை மறுபடி கிளற எனக்குத் தெம்பு இல்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. எழுத்துரு மாற்றியதில் கொம்பும் காலும் இடம் மாறிப்போன கோப்பை இரண்டே இரவில் சீராக்கித் தந்த பக்க வடிவமைப்பாளருக்கு. 'கௌரி'யில் இருப்பது உண்மையான ஔகாரக் குறிதானா, இல்லை ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்த போலியா என்று என்னோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தவர் அவர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்குத்தான் வேறு வேறு. 1965-க்குப் போகும் காலப்பயணக் கதையில் மளிகைக் கடைப் பலகையில் 'லை' துதிக்கை போல் வளைந்த பழைய வடிவத்தில்தான் இருக்க வேண்டும், 1978-இல் அரசு ஏற்ற சீர்திருத்த வடிவம் அங்கே எப்படி வரும் என்று நான் அடம்பிடித்தபோது, "இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று கேட்காமல் கையாலேயே வரைந்து கொடுத்தவரும் அவர்தான். அதே கதையில் பெட்டிக்கடைக்காரர் 'நயா பைசா' என்று கணக்குச் சொன்னதைப் படித்துவிட்டு, 1964-லேயே காசின் பெயரிலிருந்து 'நயா' போய்விட்டதே, வாய்ப்பழக்கத்தில் சொன்னால் சரி, பலகையில் எழுதியிருந்தால் தவறு என்று நுணுக்கம் சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு. தாளைக் கடனாகக் கொடுத்து, பணத்தைப் பற்றி இன்றுவரை வாயைத் திறக்காத அச்சக உரிமையாளருக்கு. நள்ளிரவில் நான் அனுப்பிய கேள்விகளுக்கு நள்ளிரவிலேயே பதில் எழுதிய பதினான்கு எழுத்தாளர்களுக்கு. முன்பதிவுப் பணத்தைத் திருப்பிக் கேட்காத அத்தனை பேருக்கும்.

இனி, தாள் மடிக்கும் அந்த அக்காவைப் பற்றி.

திருவல்லிக்கேணியில் ஒரு சந்து. அதில் இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். அங்கே முதல் மாடியில் பைண்டிங் செய்கிற இடம். அச்சான தாள்கள் அங்கேதான் வரும். ஒரு தாளின் இரண்டு பக்கத்திலும் சேர்த்துப் பதினாறு பக்கம், அதுதான் ஒரு பாரம். மூன்று மடிப்பு மடித்தால் பக்கங்கள் தாமாக வரிசைக்கு வந்துவிடும். மடிப்பவர்களுக்குத் தாள் கணக்கில் கூலி. கையில் ஒரு வழவழப்பான மரத்துண்டு. மடித்த விளிம்பில் ஒரு இழுப்பு, அடுத்த தாள். அந்த அக்காவின் பங்குக்கு வந்தது பதினோராம் பாரம், 161 முதல் 176 வரை. மடித்து வைத்த ஒவ்வொரு பாரத்தின் மேலும் தெரிவது 161-ஆம் பக்கம். ஐந்நூறு தாள் என்றால் ஐந்நூறு தடவை அதே பக்கம் கண்ணில் படும். நான் அதை நான்கு தடவை படித்தேன், கர்வத்தோடு.

இரவு ஒன்பதே முக்காலுக்குப் போன் வந்தது. என் எண்ணை அச்சகத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"சார், புத்தகத்துக்குப் பிழை பார்த்தது நீங்கள்தானே? ஒன்று கேட்கலாமா? தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது."

"சொல்லுங்கள் அம்மா."

"இந்தப் பக்கத்தில் பளம், வாளை, கிளவி என்று எல்லாம் தப்பாக இருக்கிறது. இந்த மழை மட்டும் எப்படிச் சரியாக இருக்கிறது?"

எனக்கு வயிற்றில் ஐஸ் கட்டி விழுந்தது.

அந்தப் பக்கத்தில் வரும் கதையைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: கடலோர ஊர் ஒன்றில் ழகரம் மெல்ல மெல்ல மறைகிறது. முதலில் பலகைகளில், பிறகு பேச்சில், பிறகு கதை சொல்பவரின் எழுத்திலேயே. எழுத்தாளர் அதை எங்கும் அறிவிப்பதில்லை. ஒரு பக்கத்திலிருந்து பழம் பளமாகிவிடும், அவ்வளவுதான். இதைக் கெடுத்தது யாரும் இல்லை, நான்தான். தொகுப்பில் வேறொரு கதையில் தட்டச்சுப் பிழையாக 'மளை' நான்கு இடங்களில் இருந்தது. கடைசி இரவு, கண் சொருகும் நேரத்தில், 'அனைத்தையும் மாற்று' என்ற பொத்தானை முழுக் கோப்புக்கும் அழுத்திவிட்டேன். பதினோராம் பாரத்தில் மட்டும் பத்தொன்பது இடங்களில் ழகரம் சத்தமில்லாமல் திரும்பி வந்திருந்தது.

மற்ற கதைகளில் பிழையைக் கண்டால் கை வைத்துவிடலாம். இந்த மாதிரிக் கதைகளில் அப்படி முடியாது. நிலாவில் ஒரு பகல் நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டு வாரம். அங்கே கதாநாயகி 'மறுநாள் காலை' எழுந்தால் அது கவனக்குறைவா, கதையா என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதற்காகவே ஒரு நோட்டு வைத்திருந்தேன். எந்தக் கதையில் எந்தச் சொல் வேண்டுமென்றே கோணலாக இருக்கிறது என்று அதில் பட்டியல். ழகரம் இல்லாத கதையைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். அன்றிரவு அந்த நோட்டு என் முழங்கைக்கு அடியில்தான் கிடந்தது.

போனில் ஏதோ உளறினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "இருநூறு தாள் மடித்துவிட்டேன் தம்பி. மீதியை மடிக்கவில்லை, தனியாக எடுத்து வைத்துவிட்டேன். மற்ற பாரங்களோடு சேர்க்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். காலையில் நீங்கள் வந்து சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம்." சார், தம்பியானது அந்த இடத்தில்தான். என் குரல் போன போக்கைக் கேட்டு இரக்கப்பட்டிருப்பார்.

யோசித்துப் பாருங்கள். அவர் வாயை மூடிக்கொண்டு மீதி முந்நூறையும் மடித்திருந்தால் அன்றைய கூலி முழுதாகக் கையில் இருந்திருக்கும். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. பாரங்களைச் சேர்த்து, தைத்து, பசை போட்டு, அட்டை ஒட்டிய பிறகு தெரிந்திருந்தால் ஐந்நூறு பிரதியும் பழைய பேப்பர்காரருக்குத்தான். அவர் நிறுத்தியதால் ஒரே ஒரு பாரம் மறுபடி அச்சானது. அவ்வளவோடு போயிற்று.

மறுநாள் காலையில் போனேன். வீணான இருநூறு தாளுக்கும் கூலி கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் நீட்டியதை வாங்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்ததாம். மடிக்கும்போது படிப்பீர்களா என்று கேட்டேன். "படிப்பதில்லை, கண் தானாக அதில் போகும். ஜாதகப் புத்தகம், சமையல் புத்தகம், நோட்ஸ், எது வந்தாலும் மேல் பக்கம் மட்டும் மனப்பாடம் ஆகிவிடும்" என்றார். எத்தனை புத்தகங்களின் எத்தனை பதினேழாம் பக்கங்களும் முப்பத்து மூன்றாம் பக்கங்களும் அவருக்குள் கிடக்கின்றன என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது. நம் தொகுப்பில் உள்ள எந்தக் கதையையும் விட அது விநோதம்.

இரண்டு காரியம் செய்வதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உங்கள் முன்னாலும் சொல்கிறேன். 'அனைத்தையும் மாற்று' என்ற பொத்தானை இனித் தொட மாட்டேன், ஒவ்வொன்றாகத்தான். இரண்டாவது, இனி நான் வேலை பார்க்கும் புத்தகங்களில் அட்டை, வடிவமைப்பு, அச்சு என்று பெயர்கள் வரும் பக்கத்தில் 'மடிப்பு' என்றும் ஒரு வரி இருக்கும். பதிப்பாளர்கள் முகம் சுளித்தாலும் சரி. இந்தப் புத்தகத்தில் அதற்கு நேரமில்லை. இங்கேயாவது போடலாம் என்று கேட்டேன். "பெயரெல்லாம் வேண்டாம் தம்பி, முதலாளி ஏதாவது நினைத்துக்கொள்வார்" என்று சிரித்துவிட்டார்.

கிளம்பும்போது, புத்தகம் தயாரானதும் உங்களுக்கு ஒரு பிரதி கொண்டுவருகிறேன் அக்கா என்றேன். அவர் அடுத்த மேசையைப் பார்த்தார். பன்னிரண்டாம் பாரம் அங்கே வேறொருவர் கையில் மடிந்துகொண்டிருந்தது. அந்தக் கதை முடிவது அதில்தான், 179-ஆம் பக்கத்தில். மழை பெய்கிறது, ழகரம் முதன்முதலாகத் திரும்பி வருவதும் அந்தச் சொல்லில்தான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"முழுப் புத்தகம் எனக்கு எதற்கு? பதினொன்று எனக்கே தெரியும். அந்தப் பன்னிரண்டை மட்டும் ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள்" என்றார்.

வாங்கிக் கொடுத்தேன். நின்றபடியே பிரிக்க ஆரம்பித்தார்.