பானையில் போடும் முன் ஒரு பிடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். போன ஞாயிறு ராத்திரி நீ போனில் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. "மூணு மாசமா கோயிலுக்கே போகல பெரியம்மா. ஞாயிறு முழுக்க ஐசியூ டியூட்டி. ஆராதனையே இல்லாத பொழப்பாப் போச்சு" என்றாய். அன்றைக்கு என்னவோ ஆறுதல் சொல்லிப் போனை வைத்தேன். சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. உன்னைப் போல ஷிப்டில் மாட்டிக்கொண்ட மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இப்போதெல்லாம் ஆராதனை என்றால் பிரசங்கத்துக்கு முன்னால் கீபோர்டும் டிரம்ஸும் வைத்து அரைமணி நேரம் பாடுவது என்று ஆகிவிட்டது. பாட்டு எனக்கும் பிடிக்கும். அந்தச் சத்தம்தான் காதுக்கு ஆகவில்லை. நம் ஊரில் முதல் மணியிலிருந்து ஆசீர்வாதம் வரை எல்லாமே ஆராதனைதான், இன்னார்க்கும் இன்னார்க்கும் கல்யாணம் என்று சபையில் அறிவிக்கும் கல்யாண ஓலை வாசிப்பது உட்பட. பவுல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ரோமர் 12-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் சரீரத்தையே ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்லி, அதற்குப் 'புத்தியுள்ள ஆராதனை' என்று பெயர் வைக்கிறார். சரீரம் என்றால் நின்று நின்று வீங்கிப் போன உன் கால்களும் சேர்த்துத்தான்.

உடனே "அப்போ என் வேலையே ஆராதனைதானே" என்று முடித்துவிடாதே. எபிரெய மொழியில் வேலைக்கும் ஆராதனைக்கும் ஒரே வேர்ச்சொல்தான், உண்மை. ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்த ஆதாமை வைத்தார் என்ற இடத்திலும் அதுதான். 'எனக்கு ஆராதனை செய்ய என் ஜனங்களை அனுப்பிவிடு' என்று மோசே பார்வோனிடம் போய் நின்ற இடத்திலும் அதுதான். ஆனால் அதே யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில், எகிப்தியர் அவர்களைச் சாந்து குழைக்கவும் செங்கல் அறுக்கவும் வைத்துக் கொடுமையாய் வேலை வாங்கினார்களே, அங்கேயும் அதே சொல். பார்வோன் சூளையில் ஓய்வு நாள் கிடையாது. ஆண்டவருடைய வேலையில் ஏழாம் நாள் உண்டு. அதுவும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் சேர்த்து. ஆகவே மேலதிகாரி தொடர்ந்து டபுள் டியூட்டி போட்டால், அதையும் ஊழியமாக எண்ணித் தலையாட்டாதே. மாதத்தில் ஒரு ஞாயிறாவது வேண்டும் என்று எழுதிக் கொடு. அப்படிக் கேட்பதிலும் பக்தி இருக்கிறது.

சரி, மற்ற ஞாயிறுகளுக்கு என்ன செய்வாய்?

ஆச்சியின் அடுப்படி உனக்கு ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. நீ சின்னப் பிள்ளை. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, பக்கத்தில் இருக்கும் பித்தளைச் செம்பில் போடுவாள். சனிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் வந்து வாங்கிப் போவார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. மிசோரத்துச் சபையில் பெண்கள் இதே பழக்கத்தை 1910-இல் தொடங்கி, அதில் சேர்ந்த பணத்தில் ஊழியம் நடத்தியிருக்கிறார்கள் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. ஆச்சிக்கு மிசோரம் எந்தத் திசை என்றே தெரியாது.

நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. வடித்து, எல்லாரும் சாப்பிட்டு, மிஞ்சியதிலிருந்து அவள் எடுத்து நான் பார்த்ததில்லை. பானையில் போடும் முன்னாலேயே எடுத்துவிடுவாள். ரேஷன் அரிசி தட்டிப்போன மாதங்களில் பிடி சின்னதாகும், ஆனால் நிற்காது. எடுத்தபின் மிச்ச அரிசியை வேறு மாதிரிதான் கழுவுவாள், சிந்தாமல், ஏதோ கடன் வாங்கிய பொருள் மாதிரி.

உன் நாளிலும் அப்படி ஒரு பிடி முன்னாலேயே எடு. டியூட்டி முடிந்து அறைக்கு வந்து, கண் சொருகும்போது யூடியூபில் பாட்டைப் போட்டுவிட்டு ஒன்றும் தோன்றவில்லை என்கிறாயே, அது மிஞ்சிய சோறு. யூனிபார்ம் மாட்டும் முன் ஐந்து நிமிஷம் போதும். 121-ஆம் சங்கீதம், கர்த்தருடைய ஜெபம், அன்றைக்கு உன் பெட்டில் இருப்பவர்களின் பெயர்கள். தூக்கம் வந்தாலும் பரவாயில்லை. நம் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் உன் அம்மா தூங்கி விழாத நாள் உண்டா? 'ஆமென்' என்றதும் முதலில் எழுந்து சாப்பாட்டுக்கு ஓடுவதும் அவள்தான்.

அப்புறம் அந்தப் பாட்டி விஷயம். உன் ஐசியூவில் யாரும் பார்க்க வராத அந்த அம்மாவுக்குத் தலை சீவிப் பின்னி விட்டதாகச் சொன்னாயே, நமக்குத் தெரிந்த ஆராதனை முறையில் அதற்கு ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. நற்கருணைக்கு முன் சமாதானம் கொடுப்போமே, வலது கையை வலது கையில் வைத்து, இடது கையால் மூடி. ஆராதனை நடத்தும் போதகர் ஐயர் கையிலிருந்து வரிசை வரிசையாக இறங்கி அது கடைசிப் பாய் வரை வரும். தோல் தோலில் பட வேண்டும் என்று இருக்கிறது, பார். போன மாதம் எனக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தது தெரியுமா? காம்பவுண்டுச் சுவர் தகராறில் ஒரு வருஷமாகப் பேசாமல் இருந்த எதிர்வீட்டுக்காரி. கையைக் கொடுத்தேன். கை குளிர்ந்து போயிருந்தது, அவளுக்கும் எனக்கும். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தோம். ஆனால் செவ்வாய்க்கிழமை அவள் மகன் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்து தந்தான். சுவர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு இங்கே நற்கருணை. லீவு கிடைத்தால் வெள்ளி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறு. முன்பே சொல்லிவிடு, அரிசி கூட அளக்க வேண்டும். ஆச்சியின் செம்பு இப்போது என்னிடம்தான் இருக்கிறது; ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா