ஜாடியோடு வரும் கடிதம்

அக்கா,

பீங்கான் ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் உன் கைக்கு வந்துவிடும். ஒரு வருஷம் தயங்கியாயிற்று. அது உன்னிடம் இருப்பதுதான் சரி.

தோட்டத்தை ஏன் பிரித்துக்கொண்டோம் என்பது நம் இருவருக்கும் தெரியும். இதை மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த ஜாடியில் முட்டைக்கோஸை உப்புப் போட்டுப் புளிக்கவிட்டிருந்தேனே, அந்த ஒன்பதாம் நாள், மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாயே. முட்டைக்கோஸ் மேல் வெள்ளையாக ஒரு படலம். மெல்லிசு, சுருக்கம் விழுந்தது, ஆறின பாலில் கட்டும் ஆடை மாதிரி. அது பூஞ்சணம் இல்லை அக்கா. காம் ஈஸ்ட் என்பார்கள். காற்றுப் படுகிற இடத்தில் வளரும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசியைத்தான் கெடுக்கும். பூஞ்சணம் என்றால் பஞ்சு மாதிரி எழும்பி நிற்கும். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் காட்டும். அது வந்தால் மொத்தத்தையும் கொட்டத்தான் வேண்டும், மேலே வழித்துவிட்டுச் சாப்பிடலாம் என்பதை நான் ஏற்பதில்லை. வெறும் படலம் என்றால் சுத்தமான கரண்டியால் வழித்தெடுத்து, ஜாடியின் உள்விளிம்பைத் துடைத்து, காயை மறுபடி நீருக்குள் அமுக்கி, குளிர்ச்சியான மூலைக்கு நகர்த்தினால் போதும். இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் 5 கிலோவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

"எடை போட்டுத்தானே உப்புப் போட்டே?" என்று போகிற போக்கில் கேட்டாய். "ஆமா" என்றேன்.

எடை போடவில்லை. எப்போதும் அள்ளுகிற கரண்டியால்தான் அள்ளினேன். ஆனால் தூள் உப்புத் தீர்ந்து, அன்றைக்குக் கல்லுப்பு. கல்லுப்பில் பரலுக்குப் பரல் இடைவெளி, அதே கரண்டியில் எடை குறைவாகத்தான் நிற்கும். காயின் எடையில் 2 சதவீதம் வேண்டும், 5 கிலோவுக்கு 100 கிராம். குறைந்தால், லாக்டிக் அமில பாக்டீரியா புளிப்பேற்றி முடிப்பதற்குள் மற்றவை புகுந்து காயைக் குழைத்துவிடும், படலமும் சீக்கிரம் கட்டும். அறைச் சூடும் சேர்ந்துகொண்டது. 18 முதல் 22 டிகிரியில் நிற்க வேண்டியது, அந்த வாரம் 30ஐத் தொட்டது. சூட்டுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் சூடு தெரிந்ததும் உப்பை 2.5 சதவீதத்துக்கு ஏற்றியிருக்கலாம். செய்யவில்லை. பொய்யும் சொன்னேன். மன்னித்துவிடு.

அதற்காக அதை மண்புழுப் பெட்டியிலா கொட்டுவாய்? ஈரத்தோலால் மூச்சு விடுகிற ஜீவன் அது. உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். மறுநாள் காலையில் சுவரெல்லாம் ஏறி, மூடிக்கு அடியில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. கொட்டினதை உடனே அள்ளியெடுத்துவிட்டு, கிழித்து நனைத்த அட்டையும் பழைய மட்கு உரமும் போட்ட வேறு பெட்டிக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும். நீ என்னோடு பேசவில்லை, நான் உன்னோடு பேசவில்லை. நடுவில் அவை செத்தன. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஓடுகிற தண்ணீரை நடக்க விடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. ஏ வடிவச் சட்டத்தையும் தூக்குக்குண்டையும் வைத்துச் தோட்டத்துச் சரிவுக்குக் குறுக்கே, மழைநீரைத் தேக்கும் அகழிக்கு நீ பிடித்த மட்டம் இன்றைக்கும் பிசகவில்லை. வரப்பில் நீ நட்ட மரங்கள் வேர் பிடித்துவிட்டன. மிஞ்சின நீர் வழியக் கலிங்கு மட்டும் வைக்காமல் போய்விட்டாய். பெருமழையில் அகழி நிரம்பி, தாழ்ந்த இடமாகப் பார்த்து வரப்பை அறுத்துவிட்டது. வரப்பைவிட ஒரு சாண் தாழ்வாக, அகலமாக ஒரு வாய் வெட்டிக் கல் பரப்பிவிட்டேன். தனியாகத்தான் செய்தேன்.

ஜாடி வந்ததும் தண்ணீர் நிரப்பி, ஒரு ராத்திரி காகிதத்தின் மேல் வை. பயணத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் காகிதம் நனைந்து காட்டிக்கொடுக்கும். அரிந்த காயை உப்போடு பிசைந்து அரை மணி நேரம் விடு, தன் நீரை விட்டுக்கொள்ளும். அது காயை மூடவில்லையென்றால், கொதித்து ஆறிய நீரில் லிட்டருக்கு 20 கிராம் உப்புக் கரைத்து ஊற்று. விளிம்புக்குக் கீழே நாலு விரற்கடை காலியாக விடு, முதல் சில நாள் நுரைத்துப் பொங்கும்.

ஜாடிக்குள் தராசை வைத்திருக்கிறேன், துணியில் சுற்றி. பேட்டரி புதுசு.

தம்பி