அலைக் கல்லைச் சுரண்ட வேண்டாம்

ஐயா,

புதுச்சேரி கடற்கரைச் சாலைக் கருங்கற்களில் பாசி படர்ந்தாலே "அசிங்கமா இருக்கு, சுரண்டி எடுங்க" என்று யாராவது கிளம்பிவிடுகிறார்கள். ஜனங்கள் இறங்கும் படி வழுக்கினால் சுத்தம் பண்ணட்டும், சரி. அலைக்குள் கிடக்கும் கல்லை எதற்குத் தொட வேண்டும்?

மேலே பச்சையாகத் தெரிவது மட்டும் பாசி இல்லை. அதற்குக் கீழே, தண்ணீர் வடியும்போது மட்டும் தலைகாட்டும் மட்டத்தில், கருஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாக இருப்பது சிவப்புப் பாசி. ராமநாதபுரம் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கிற கஞ்சிப்பாசியும் இந்த இனம்தான், ஜெல்லி மாதிரி உறைய வைக்கும் அகர் அதிலிருந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் கலங்கி வெளிச்சம் குறையும், மிச்சத்தை அலை பிய்த்துப் போட்டுவிடும். தண்ணீர் தெளிந்த பிறகு, தை மாசியில், மறுபடி தழைக்கும். சித்திரை வெயில் பட்டால் சிவப்பு வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும், உடனே செத்துவிட்டது என்கிறோம். கல்லைப் பிடித்திருக்கும் அடி மட்டும் தங்கினால் பல பாசிகள் அதிலிருந்தே துளிர்த்துவிடும். சுரண்டுகிறவர் எடுப்பது அந்த அடியைத்தான்.

கஞ்சிப்பாசி இனத்தில் ஒரு கிளையை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். சில சமயம் கடுகளவு முடிச்சுகள் தட்டுப்படும். அது கருவுற்ற பெண் செடி. ஆண் செடி தனி. முடிச்சிலிருந்து வெளியேறும் வித்து கல்லில் ஒட்டி மூன்றாவது வகைச் செடியாக வளரும், அந்தச் செடி விடும் வித்துகள்தான் திரும்ப ஆணும் பெண்ணுமாக முளைக்கும். முடிச்சு இல்லாத நேரத்தில் மூன்றையும் வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆண் அணுவுக்கு நீந்த வால் கிடையாது, தண்ணீர் இழுத்த இழுப்புக்குப் போகும். பாசியில் மேயும், இறாலுக்கு உறவான ஒரு குட்டிப் பிராணி அதை உடம்பில் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கிறது என்று 2022இல் பிரான்ஸ் கடற்கரையில் எடுத்த ஒரு பாசியை வைத்துக் காட்டினார்கள். கடலுக்குள்ளும் மகரந்தச் சேர்க்கை மாதிரி ஒன்று!

ஜப்பானில் சாப்பிடுகிற நோரி என்ற சிவப்புப் பாசி கோடையில் எங்கே போகிறது என்று வெகுகாலம் பிடிபடவில்லை. கேத்லீன் ட்ரூ என்ற ஆங்கிலேயப் பெண் 1949இல் கண்டுபிடித்துச் சொன்னார்: சிப்பி ஓட்டைத் துளைத்துக்கொண்டு நூல்போல உள்ளேயே இருக்கிறது. அந்த நூலை அதற்கு முன் வேறொரு பாசி என்று நினைத்திருந்தார்கள். இன்று அங்கே சிப்பி ஓட்டில் வளர்த்துத்தான் கடலில் கட்டும் வலைக்கு மாற்றுகிறார்கள்.

ஆகவே சுத்தம் செய்யச் சொல்கிறவர்கள் ஆள் நடக்கும் படியோடு நிறுத்திக்கொள்ளட்டும். பாடத்துக்காகப் பாசி எடுக்க வரும் கல்லூரிப் பிள்ளைகளும் அடியோடு பிடுங்காமல் நுனியைக் கத்தரித்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குருசுக்குப்பம், புதுச்சேரி