குளூட்டன் இல்லாத பிரெட்டும் மாவுச்சத்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சமையல் பகுதியில் அண்மையில் வெளிவந்த குளூட்டன் இல்லாத பிரெட் செய்முறையில், மைதாவுக்குப் பதிலாக அதே அளவு அரிசி மாவைச் சேர்த்தால் போதும் என்று எழுதப்பட்டிருந்தது. குளூட்டன் உண்டால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயுள்ள என் மகளுக்காக ஆறு ஆண்டுகளாக வீட்டிலேயே பிரெட் சுட்டுவருகிறேன். அந்தச் செய்முறையை நம்பிச் சுடுகிறவர்களுக்கு மாவும் வீண், மனமும் சோர்ந்துபோகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசையும்போது கிளியாடின், குளூட்டெனின் என்னும் இரண்டு புரதங்கள் சேர்ந்து, இழுத்தால் நீளும் வலைபோல் ஆகின்றன. அதுவே குளூட்டன். ஈஸ்ட் வெளிவிடும் கரியமில வாயுவைப் பிடித்துவைத்து மாவை உப்ப வைப்பது அந்த வலைதான். அரிசி மாவில் அது கிடையாது. நான் முதன்முதலில் சுட்ட பிரெட் மேலே வெடித்து, அடியில் ஒரு விரல் கனத்துக்குக் களியாகப் படிந்திருந்தது. அறுத்த கத்தியில் பசை அப்பிக்கொண்டது.

வலை இல்லாத பிரெட்டைத் தாங்க வேண்டியது மாவுச்சத்து. ஈரத்தோடு சூடேறும்போது அதன் நுண்மணிகள் நீரை இழுத்துப் பருத்துக் கூழாகின்றன. கோதுமையில் இது ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் நடக்கும், அரிசியின் பல ரகங்களுக்கோ 70 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். மாவுச்சத்திலுள்ள அமைலோஸ், ஆறும்போது விரைவாக இறுகி பிரெட்டுக்கு உருவம் தருகிறது. மாவுச்சத்தின் மற்றொரு கூறான, கிளைகிளையான அமைலோபெக்டின் இறுகுவதற்கு நாள்கள் ஆகும். அடுப்பிலிருந்து எடுத்ததும் அறுக்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது ஆறவிட வேண்டும் என்பதற்குக் காரணம், அமைலோஸ் இறுக வேண்டும் என்பதே. அரிசி மாவு மட்டும் என்றால் பிரெட் உதிரும். மரவள்ளி மாவு மட்டும் என்றால் சவசவவென்று இழுபடும். ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த எங்கள் பகுதியில் மரவள்ளி மாவு எளிதில் கிடைப்பதால், மூன்று பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு அதைக் கலக்கிறேன்.

இதில் நம் வீட்டு அனுபவமே பெரிதும் கைகொடுக்கும். கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் கொதிநீர் விட்டுத்தானே மாவைக் கிளறுகிறோம்? அந்தச் சூட்டில் மாவுச்சத்தின் ஒரு பகுதி முன்னதாகவே கூழாகிவிடுவதால்தான் குளூட்டன் இல்லாத மாவும் விரிசல் விடாமல் கைக்கு வசப்படுகிறது. அதேபோல், எடுத்த மாவில் பத்தில் ஒரு பங்கைத் தண்ணீரில் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறிய பின் மீதி மாவில் சேர்த்தால் வாயு தங்கும். இட்லி மாவில் உளுந்தின் வழவழப்பு செய்யும் வேலையை இங்கே இசப்கோல் என்னும் விதை உமி செய்கிறது. 100 கிராம் மாவுக்கு 5 கிராம் போதும். தண்ணீரோ கோதுமை மாவுக்கு விடுவதைவிடக் கணிசமாகக் கூடுதலாக, ஏறத்தாழ மாவின் எடைக்குச் சம எடையில் தேவைப்படும். ஆகவே இது சப்பாத்தி மாவுபோல் உருட்ட வராது. கெட்டியான வடை மாவுப் பதத்தில்தான் இருக்கும். அதைப் பார்த்து மேலும் மாவைக் கொட்டிவிடக் கூடாது.

மீந்த பிரெட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம் என்ற குறிப்பும் தவறு. அமைலோபெக்டின் வேகமாக இறுகுவது 4 டிகிரியை ஒட்டிய அந்தக் குளிரில்தான். மறுநாளே பிரெட் வறண்டு விறைத்துவிடும். துண்டு போட்டு ஃப்ரீசரில் உறையவைத்து, வேண்டும்போது தோசைக்கல்லில் சூடு காட்டினால் இறுகிய மாவுச்சத்து மீண்டும் இளகும்.

மில்லில் அரைத்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்திருந்ததுதான் எனக்கு மிகுந்த கவலை தந்தது. கோதுமை அரைத்த இயந்திரத்தில் அடுத்து அரைக்கும் அரிசியில் கோதுமை மாவு கலந்தே வரும். குளூட்டன் இல்லாதது என்று விற்கப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. சீலியாக் நோயாளியின் சிறுகுடலுக்குச் சிறிதளவு கலப்பும் கேடுதான். நான் அரிசியைக் கழுவி உலர்த்தி வீட்டு மிக்ஸியில்தான் அரைக்கிறேன்.

அடுத்த சமையல் பகுதியில் இந்தத் திருத்தங்களை, குறிப்பாக மில் பற்றிய எச்சரிக்கையை, வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.