வேலையா, சொந்தத் தொழிலா: இளைஞர்களோடு கணக்குப் பார்ப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படிப்பை முடித்து வெளியே வரும் இளைஞர்களுக்கு அறிவுரை சொல்வோர், வேலைக்குப் போவதா சொந்தத் தொழில் தொடங்குவதா என்ற கேள்வியைத் துணிச்சலை அளக்கும் தேர்வாகவே ஆக்கிவிட்டார்கள். பிறரிடம் கைகட்டி நிற்காதே என்று ஒரு சாரார் தூண்டுகிறார்கள். மாதச் சம்பளமே நிம்மதி என்று மறுசாரார் அச்சுறுத்துகிறார்கள். இரண்டு பேச்சிலும் கணக்கு இல்லை. நட்டம் வந்தால் அதை யார் தாங்குவது, எவ்வளவு காலம் தாங்குவது என்று அந்த இளைஞரோடு உட்கார்ந்து பார்ப்பவரே அவருக்கு உண்மையில் உதவுகிறார் என்பது என் உறுதியான கருத்து.

மேடையேறிப் பேச அழைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் வென்றவர்களே என்பதால், தோல்வியின் அளவு இளைஞர்களின் கண்ணில் படுவதே இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை பல்லாண்டுகளாகத் தொகுத்துவரும் விவரங்களின்படி, அங்கு புதிதாகத் தொடங்கப்படும் நிறுவனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலேயே மூடப்படுகிறது. ஐந்து ஆண்டுகளைக் கடப்பவை ஏறத்தாழப் பாதிதான். கடந்தவர்கள் எல்லாரும் செழித்தார்கள் என்றும் கொள்ள முடியாது. பொருளியல் அறிஞர் பார்ட்டன் ஹாமில்டன் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பத்து ஆண்டுகள் சுயதொழில் செய்தவர்களின் இடைநிலை வருமானம் (வரிசைப்படுத்தினால் சரிநடுவில் நிற்பவரின் வருமானம்), அதே காலம் வேலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 35 விழுக்காடு குறைவாக இருந்ததைக் கண்டார். பணத்தால் அளக்க முடியாத பயன்களுக்காக, குறிப்பாகத் தமக்குத் தாமே எசமானராக இருக்கும் சுதந்திரத்துக்காக, பலர் அந்தக் குறைவை ஏற்கிறார்கள் என்பது அவர் தந்த விளக்கம். அந்தச் சுதந்திரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் விலையைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எனவே முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு போனால் தாங்கிக்கொள்ள முடியும் என்பதுதான். அனுபவம் மிக்க தொழில்முனைவோரை ஆராய்ந்த சாரஸ் சரஸ்வதி, அவர்கள் எவ்வளவு லாபம் வரும் என்ற எதிர்பார்ப்பைவிட, தாங்கக்கூடிய இழப்பு எவ்வளவு என்பதையே முன்வைத்து முடிவெடுப்பதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அந்த இழப்பில் கைப்பணம் மட்டும் அடங்குவதில்லை. தனி உரிமையாளராகத் தொழில் நடத்துபவரின் தொழில் கடன் பொதுவாக அவருடைய சொந்தச் சொத்து வரை வந்து நிற்கும். வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டாலும், கடன் பத்திரத்தில் தனிப்பட்ட உத்தரவாதமாகக் கையெழுத்திட்டுவிட்டால், அந்தக் கடனைப் பொறுத்தவரை சொந்தச் சொத்துக்குப் பதிவு தரும் பாதுகாப்பு போய்விடுகிறது. பெற்றோரை ஜாமீன்தாரராக்கும் முன், அவர்களுடைய முதுமைக்கால வாழ்வே அந்தக் கையெழுத்தில் அடங்கியிருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்ததாக, பட்டம் பெற்றவர்களில்கூடப் பலர் அறியாமலே தொழிலில் இறங்கும் ஒரு செய்தி உண்டு: லாபமும் கையிலிருக்கும் ரொக்கமும் ஒன்றல்ல. சரக்கைக் கடனுக்குக் கொடுத்துப் பில் போட்ட அன்றே லாபம் ஏட்டில் ஏறிவிடும். வாங்கியவர் பணம் தர மூன்று மாதம் ஆகலாம். வாடகையும் பணியாளர் சம்பளமும் மூலப்பொருளுக்கான தொகையும் அதுவரை காத்திருக்க மாட்டா. விற்பனை பெருகப் பெருக முன்கூட்டிச் செலவிட வேண்டிய தொகையும் பெருகுவதால், நல்ல ஆர்டர்கள் குவிந்துகொண்டிருக்கும்போதே ஒரு தொழில் பணமுடையில் சிக்கி மூடப்படக்கூடும். தொடங்கும் செலவுக்கு மட்டும் முதல் திரட்டிக்கொண்டு, நடத்தும் செலவுக்கான நடைமுறை மூலதனத்தை மறந்தவர்களுக்கு நேர்வது இதுதான். தொழில் தன் காலில் நிற்கும் வரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதும் இதே கணக்கில் சேர வேண்டும்.

வேலையும் தொழிலும் ஒன்றையொன்று விலக்குவன என்ற எண்ணமும் மாற வேண்டும். பின்னாளில் நைக்கி என்ற காலணி நிறுவனமாக வளர்ந்த தொழிலை 1964-இல் தொடங்கிய ஃபில் நைட், 1969 வரை கணக்காளராகவும் கணக்கியல் ஆசிரியராகவும் சம்பளம் பெற்றுக்கொண்டேதான் அதை வளர்த்தார். ஜோசஃப் ராஃபீ, ஜீ ஃபெங் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் இருந்தபடியே தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்களின் தொழில், தொடக்கத்திலேயே வேலையை விட்டவர்களின் தொழிலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான தோல்வி வாய்ப்பைக் கொண்டிருந்தது. இவ்வழியில் செல்வோர் பணி நியமன ஆணையின் நிபந்தனைகளைப் படித்துப் பார்ப்பது கட்டாயம். வேறு தொழில் செய்யத் தடை, பணிக்காலத்தில் உருவாக்கியவற்றின் மீது நிறுவனத்துக்கு உரிமை போன்ற விதிகள் அதில் இருக்கலாம். ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், ஹ்யூலெட் பேக்கார்டு என்ற மின்னணு நிறுவனத்தில் பணியாற்றியபோது, தாம் வடிவமைத்த கணினியை முதலில் அந்நிறுவனத்திடமே காட்டி, அவர்கள் வேண்டாமென்ற பிறகே ஆப்பிள் மூலம் விற்க முன்வந்தார். அந்த நேர்மை பின்னாளைய வழக்குகளிலிருந்தும் காக்கும்.

இருபத்திரண்டு வயதில் தொடங்காவிட்டால் காலம் கடந்துவிடும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை. பியர் அசூலே குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புதிய நிறுவனங்களை நிறுவியோரின் சராசரி வயது 45; அதே துறையில் முன்பு பணியாற்றியிருந்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வாடிக்கையாளர் எதற்காகப் பணம் தருகிறார், சரக்கு எங்கே தேங்குகிறது, பாக்கியை எப்படி வசூலிக்கிறார்கள் என்பதையெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கும் காலம்தான் வேலையில் இருக்கும் காலம். வேலையே கிடைக்காமல் தொழிலுக்குத் தள்ளப்படும் இளைஞரின் நிலை வேறு. அவரிடம் துணிச்சலைப் பற்றிப் பேசுவதே தகாது, சிறு முதலில் தொடங்கக்கூடியதையும் கடன் சுமை ஏறாத வழியையும் காட்டுவதே தகும்.

கல்லூரிகள் தொழில்முனைவோர் கூட்டங்களை நடத்தும்போது, தொழிலை மூடியவர் ஒருவரையும் அழைத்து, எந்த மாதம் பணம் தீர்ந்தது, எந்த முடிவு தாமதமானது என்று அவர் சொல்லக் கேட்க வேண்டும். தங்கள் நாளிதழும் வெற்றிக் கட்டுரைகளுக்குத் தரும் இடத்தில் ஒரு பகுதியை, அத்தகையவர்களின் வரவு செலவு விவரங்களோடு கூடிய கட்டுரைகளுக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்