தமிழ் நிரல்மொழிக்குப் புள்ளிக்கோலமே பொருத்தமான சின்னம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கணினி நிரலாக்கம் சொல்லித்தரும் இளையர்கள் சிலர், தமிழ்ச் சொற்களாலேயே கட்டளைகளை எழுதக்கூடிய சிறிய நிரல்மொழி ஒன்றை ஓய்வு நேரத்தில் உருவாக்கி வருகிறார்கள். அதற்கு ஒரு சின்னம் வேண்டும் என்று ‘ழ’ எழுத்து, மயில், ஓலைச்சுவடி, சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் ஆகிய நான்கு படங்களை வரைந்து பெற்றோரிடமும் தொண்டூழியர்களிடமும் கருத்துக் கேட்டார்கள். பெரும்பாலோர் ‘ழ’வை விரும்பினர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமியின் உழைப்பால் 1995ஆம் ஆண்டிலேயே தமிழை இணையத்தில் ஏற்றிய ஊர் நம் சிங்கப்பூர் என்பதால், இதைப் பொதுவில் பேசுவது பொருத்தம் எனக் கருதி எழுதுகிறேன்.

சின்னம் சிறிய விஷயம் என்று சிலர் சொன்னார்கள். அப்படியில்லை. பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் மலைப்பாம்பை மனத்தில் வைத்து அந்தப் பெயரைச் சூட்டவில்லை. மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் நீலமும் மஞ்சளுமாகப் பின்னிய இரண்டு பாம்புகளைப் பார்த்தே பழகிய எங்கள் மாணவர்களுக்கு அது பாம்பு மொழிதான். உருவாக்கியவரின் எண்ணத்தைவிடப் படமே நிலைத்துவிடுகிறது.

அதைவிட முக்கியமானது, அந்தப் படம் யாருக்குச் சொந்தம் என்பது. பெர்ல் மொழியின் வரலாறு இதற்கு நல்ல பாடம். ஓரைலி பதிப்பகம் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட பெர்ல் நூலின் அட்டையில் ஓர் ஒட்டகம் இருந்தது. உலகெங்கும் பெர்ல் என்றால் ஒட்டகம் என்றாகிவிட்டது. ஆனால் அந்த ஒட்டகம் பதிப்பகத்தின் வணிக முத்திரை என்பதால், பெர்ல் அறநிறுவனம் தனக்கென வெங்காயம் ஒன்றைச் சின்னமாக வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ரஸ்ட் மொழியின் அதிகாரபூர்வச் சின்னம் பற்சக்கரத்துக்குள் நிற்கும் ஆங்கில எழுத்து. அதன் பயனர்கள் சட்டையிலும் கணினியிலும் ஒட்டிக்கொள்வதோ, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுக்கப்பட்ட ஃபெரிஸ் என்னும் நண்டின் படத்தை. 2023ஆம் ஆண்டு ரஸ்ட் அறநிறுவனம் பெயர், சின்னப் பயன்பாட்டுக்கான வரைவு விதிகளை வெளியிட்டபோது பயனர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. கோ மொழிக்காக ரெனே ஃபிரெஞ்ச் வரைந்த கோஃபர் என்னும் வளை தோண்டும் விலங்கு, வரைந்தவரின் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில் வெளிவந்ததால், எத்தனையோ பேர் தத்தம் கைவண்ணத்தில் அதை மறுபடி மறுபடி வரைந்திருக்கிறார்கள்.

இந்தக் கண்ணோட்டத்தில் மெர்லயனை உடனே விலக்கிவிடலாம். 1964ஆம் ஆண்டு பயணத்துறைக்கென்றே வடிவமைக்கப்பட்ட அதைப் பயன்படுத்தப் பயணத்துறைக் கழகத்தின் அனுமதி வேண்டும். மயிலின் தோகையும் சுவடியின் வரிகளும் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் 16 படப்புள்ளி (பிக்சல்) அகலத்தில் நிற்கும்போது வெறும் கறையாகிவிடும். ‘ழ’வின் கீழ்ச் சுழியும் அந்த அளவில் அடைத்துக்கொள்கிறது என்பதை நானே திரையில் பார்த்தேன். அதோடு, தமிழ் அமைப்புகள் பல அந்த எழுத்தை ஏற்கெனவே சூடியிருக்கின்றன. தமிழ் என்பதை அது சொல்லும். நிரல் என்பதைச் சொல்லாது.

நான் முன்வைப்பது புள்ளிக்கோலம், அதிலும் சிக்குக்கோலம். முதலில் புள்ளிகளை வரிசையாக வைக்கிறோம். பிறகு எந்தப் புள்ளியையும் தொடாமல், எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் கோட்டை இழுக்கிறோம். ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் செய்து பெரிய வடிவத்தை எழுப்புவது நிரல் எழுதுபவர் அன்றாடம் செய்யும் வேலை. இது என் கற்பனை ஒப்புமை அன்று. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து 1974ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், கோலங்களை இலக்கண விதிகளால் பிறப்பிக்க முடியும் என்று காட்டினார்கள். நிரல்மொழிகளை வரையறுப்பதும் அத்தகைய விதிகளே. கணினியியலுக்குக் கோலம் புதிதாக வந்த விருந்தாளி இல்லை.

கோலத்துக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் மாவைக் கிள்ளிப் போடுகிறோம். இளையர்கள் வரையும் சின்னமும் அப்படியே எவரும் எடுத்தாளும் உரிமத்தோடு வெளிவர வேண்டும். அந்த உரிமத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், படத்தை வெளியிடும் அன்றே எழுதி வைக்க வேண்டும்.

சில புள்ளிகளே கொண்டு, சிறிய அளவிலும் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாத சிக்குக்கோலம் எது என்பது அந்த இளையர்களுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆண்டுக்கணக்காகக் கை பழகிய வாசகர்கள் அப்படிப்பட்ட வடிவங்களை வரைந்து நம் நாளிதழுக்கு அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன்